மார்பக வடிவக் குறையும் சீரமைப்பு அறுவை சிகிச்சையும்: குடும்பத்தார் அனைவருக்கும் ஒரு பாடம்



நம் இதழில் சர்க்கரை நோய் பற்றியோ ரத்த அழுத்தம் பற்றியோ கட்டுரை வந்தால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்போம். இன்று எடுத்துக்கொண்டுள்ள பாடம் அடுக்களைக்குள் கொண்டுபோய் மெதுவாகப் படிக்கப்படக்கூடியது. பெண்களுக்குப் பருவ வளர்ச்சியின்போது மார்பகத்தில் தோன்றும் ஒரு வடிவக் குறையையும், அதைச் சீராக்கும் அறுவை சிகிச்சையையும் பற்றியது. இதைக் கூடத்தில் வைத்தே படிக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் மருத்துவன் அல்லன். பொறியியல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் குறையைப் பற்றி மருத்துவ நூல்களைப் படித்தபோது, இது கிருமியால் வரும் நோய் அல்ல, ஓர் அமைப்பில் ஏற்படும் இறுக்கம் என்று புரிந்தது. இறுக்கமும் தளர்ச்சியும் எங்கள் தொழிலில் அன்றாடப் பாடம். அந்தத் துணிவில்தான் பேனாவை எடுத்தேன்.

ஏன் இந்தப் பாடம்?

பாலக்காட்டுக்குக் கிழக்கே வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளிலும், இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. வீட்டில் பேச்சு தமிழ். ஆஸ்பத்திரியில் பேச்சு பெரும்பாலும் மலையாளம். தலைவலி, வயிற்றுவலி என்றால் இரண்டு மொழியிலும் சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். மார்பின் வடிவத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்ல, தமிழிலேயே நம்மிடம் வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாத இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெட்கம் இருக்கும் இடத்தை மோதி விளம்பரக்காரர்கள் வந்துவிடுகிறார்கள்.

என் மனைவியிடம் ஓர் அம்மா வந்து பேசினார். அவருடைய மகளுக்கு இருபது வயது. கல்லூரி விடுதியில் தங்க மாட்டேன் என்கிறாள், துப்பட்டாவை வீட்டுக்குள்ளும் எடுப்பதில்லை, வரன் பேச்சை எடுத்தால் அழுகிறாள். விளம்பரத்தைப் பார்த்து எண்ணெயும் மாத்திரையும் வாங்கி ஓராண்டாகப் பணம் போயிற்று, பலன் இல்லை. அந்த அம்மா கடைசியாகக் கேட்டது இதுதான்: "ஏனுங்க அக்கா, இதுக்குப் பேருன்னு ஏதாச்சும் உண்டுங்களா? இல்லை, எம் பொண்ணுக்கு மட்டுந்தான் இப்படியா?"

பேர் உண்டு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் அல்ல. உலகெங்கும் பெண்களுக்கு இது இருக்கிறது. சிகிச்சையும் இருக்கிறது. அந்த அம்மாவுக்குச் சொன்னதை விரிவாக எல்லோருக்கும் சொல்லுவதே இக்கட்டுரை.

1. குறை எது, இயல்பு எது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மார்பகங்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சற்றுத் தாழ்வு என்பது பெரும்பாலான பெண்களிடம் காணப்படும் இயல்பு. சிறியதாக இருப்பதும் குறை அல்ல. சினிமாச் சுவரொட்டி அளவுகோல் அல்ல.

நாம் பேசும் குறை வேறு. இதில் மார்பகத்தின் அடிப்பாகம், அதாவது நெஞ்சோடு ஒட்டியிருக்கும் வட்டம், குறுகலாக இருக்கும். கீழ்ப்பாதி போதிய அளவு வளர்ந்திராது. மார்பகத்துக்குக் கீழேயுள்ள மடிப்பு இருக்கவேண்டிய இடத்தைவிட மேலே ஏறியிருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் அகன்று, முன்புறமாகப் பிதுங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் கிழங்கு போல் நீண்டு தெரிவதால் ஆங்கில மருத்துவத்தில் 'ட்யூபரஸ் பிரெஸ்ட்' என்று பெயரிட்டார்கள். 'ட்யூபர்' என்றால் கிழங்கு. தமிழில் 'கிழங்கு வடிவ மார்பகம்' எனலாம். பெயர் அவ்வளவு நாகரிகமானது அல்லதான். ஆயினும் டாக்டரிடம் சொல்ல ஒரு பெயர் கிடைத்ததே என்று எடுத்துக்கொள்ளுவோம். 'அடி இறுகிய மார்பகம்' என்று பொருள்படும் இன்னொரு பெயரும் மருத்துவ நூல்களில் உண்டு. அதுவே காரணத்தைச் சரியாகச் சொல்லுகிறது.

ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இரண்டு பக்கமும் இருக்கலாம். இரண்டு பக்கமும் இருந்தாலும் ஒரே அளவில் இராமல் ஒன்று கூடுதலாக இருப்பது வழக்கம்.

2. எப்படி உண்டாகிறது?

தண்டவாளம் வெயிலில் நீளும் என்பது யாவரும் அறிந்ததே. நீளுவதற்கு இடம் கொடாமல் இறுக்கிப் பிடித்துவிட்டால் அந்த விசை எங்கே போகும்? எங்கே பிடிப்பு குறைவோ அங்கே பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். குற்றம் வளைந்த இடத்தில் இல்லை. நீள இடமில்லாமற்போன இறுக்கத்தில் இருக்கிறது.

இங்கும் அதேதான். மார்பகத்தின் சுரப்பித் திசு ஒரு மெல்லிய நார் உறைக்குள் வளருகிறது. பருவ வயதில் ஹார்மோன்கள் தூண்ட, அது நாற்புறமும் விரிய வேண்டும். அடிப்பாகத்தில் அந்த உறை தடித்து ஒரு வளையம்போல் இறுகியிருந்தால் திசுவால் கீழ்ப்புறமாகவும் பக்கவாட்டிலும் பரவ முடியாது. ஆனால் கருவட்டத்துக்கு நேர் பின்னால் அந்த உறையின் மேலடுக்கு இயல்பாகவே கிடையாது. ஆகவே அதுவே தடையற்ற வழி. வளரும் திசு அந்த வழியாக முன்னோக்கிப் பிதுங்குகிறது. கருவட்டம் அகலுகிறது. வடிவம் கிழங்குபோல் ஆகிறது.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் பல சந்தேகங்கள் தாமாகத் தீரும். கர்ப்பகாலத்தில் தாய் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெண் குனிந்து நடந்ததாலும் வரவில்லை, இறுக்கமான உள்ளாடை போட்டதாலும் வரவில்லை. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் அல்ல. எண்ணெய் தேய்த்தால் உள்ளே இருக்கும் நார் வளையம் தளராது. மாத்திரை தின்றால் அடிவட்டம் அகலாது. பத்திரிகை விளம்பரத்தில் வரும் காற்றிழுக்கும் கருவியும் வளையத்தை அறுக்காது. ஹார்மோன் கலந்த மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் உண்பது உடம்புக்குத் தீங்கு. அந்த அம்மாவின் ஓராண்டுப் பணம் போன வழி இதுவே.

3. மூன்று நிலைகள்

இந்தக் குறையைத் தனியாக இனங்கண்டு 1976-ஆம் ஆண்டில் எழுதியவர்கள் அமெரிக்க மருத்துவர்களான தாமஸ் ரீஸ், ஷெரெல் ஆஸ்டன் இருவரும் ஆவர். இவர்களில் ரீஸ் என்பவர் 1957-இல் ஆப்பிரிக்காவில் பறக்கும் டாக்டர்கள் சேவையைத் தொடங்கிய மூவரில் ஒருவர். சாலையில்லாத ஊர்களுக்குச் சிறு விமானத்தில் பறந்து போய் ஏழைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த இயக்கம் அது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே நட்சத்திரங்களின் அழகு வேலை என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்ளுவது நல்லது.

1999-இல் பிரெஞ்சு மருத்துவர் குரோலோவும் அவருடைய குழுவினரும் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். மார்பகத்தை நான்கு கால்பகுதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் நிலை: கீழ்ப்புறம் உட்பக்கக் கால்பகுதி மட்டும் வளர்ச்சி குறைந்தது.

இரண்டாம் நிலை: கீழ்ப்புறத்தின் இரு கால்பகுதிகளும் குறைந்தவை.

மூன்றாம் நிலை: நான்கு பகுதிகளும் குறைந்து அடிவட்டம் மிகவும் சுருங்கியது.

நிலையைப் பொறுத்தே சிகிச்சை மாறும். ஆகவே, "தோழிக்கு ஒரே ஆபரேஷனில் முடிந்ததே, எனக்கு மட்டும் ஏன் இரண்டு?" என்று கேட்பதில் பொருள் இல்லை.

4. அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

'பிளாஸ்டிக்' என்ற சொல்லைக் கேட்டு, உடம்புக்குள் பிளாஸ்டிக்கை வைக்கிறார்கள் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. உருக்கொடுத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்தக் கலையில் நம் நாட்டுக்கு மூத்த இடம் உண்டு. பாலக்காட்டுக் கோட்டையை 1766-இல் கட்டிய ஹைதர் அலியின் மகன் திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய போரில், கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர் பிடிபட்டு மூக்கறுபட்டார். பின்னர் புனேப் பகுதி வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு அமைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாயிற்று. அதைப் படித்து ஆராய்ந்த கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் அம்முறையைத் தம் நாட்டில் செய்து காட்டினார். மூக்கை இழந்த வண்டிக்காரர் மறுபடி ஊரில் முகம் காட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிகிச்சை நடந்தது. அதை யாரும் வீண் அலங்காரம் என்று சொல்லவில்லை.

இனி நம் பாடத்துக்கு வருவோம். சிகிச்சையின் படிகள் பொதுவாக இவை:

அ) பெண்ணை நிற்கவைத்து அளவெடுத்து, தோலில் குறியிடுவார்கள். படுத்த நிலையில் வடிவம் மாறிவிடும் என்பதால் நின்ற நிலையில் குறியிடுவது அவசியம். அவளுடைய ஒப்புதலோடு மருத்துவப் பதிவுக்காகப் படமும் எடுப்பார்கள்.

ஆ) முழு மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் கருவட்டத்தின் ஓரமாகவே வெட்டுவார்கள். நிறம் மாறும் எல்லையில் தழும்பு அதிகம் தெரியாது என்பது காரணம்.

இ) உட்பக்கத்திலிருந்து இறுகிய நார் வளையத்தை அறுத்து விடுவிப்பார்கள். சக்கரத்தின் ஆரங்களைப்போல் சுரப்பித் திசுவில் வெட்டுகள் இட்டு அதை விரியச் செய்வார்கள்.

ஈ) மேலே ஏறியிருக்கும் கீழ்மடிப்பை உரிய இடத்துக்கு இறக்குவார்கள்.

உ) அளவு போதாவிட்டால் சிலிக்கோன் பை வைப்பார்கள், அல்லது உடம்பின் வேறிடத்திலிருந்து கொழுப்பை எடுத்து நிரப்புவார்கள்.

ஊ) அகன்ற கருவட்டத்தைச் சுருக்கித் தைப்பார்கள்.

இவற்றுள் மூன்றாவது படியே உயிர்நாடி. நீண்ட தண்டவாளத்தில் இறுக்கம் சேர்ந்துவிட்டால் முதலில் பிடிப்புகளைத் தளர்த்துவோம். இரும்பு தன் இயல்பான நீளத்துக்கு வந்த பிறகுதான் மறுபடி பிடிப்போம். வளைந்த பாதையை இறுக்கம் நீக்காமல் நெம்பி நேராக்கினால் அடுத்த கோடையில் மறுபடி வளையும். மார்பகத்திலும் வளையத்தை விடுவிக்காமல் பையை மட்டும் வைத்து நிரப்பினால், பழைய மடிப்பு ஒரு கோடாகவும் புதிய மடிப்பு ஒரு கோடாகவும் தெரிந்து, இரண்டு குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்பதுபோல் ஆகிவிடலாம். மார்பைப் பெரிதாக்கும் சாதாரண ஆபரேஷனும் இதுவும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். டாக்டரைப் பார்க்கும்போது, "இறுகிய அடிப்பாகத்தை எப்படி விடுவிப்பீர்கள்?" என்று கேளுங்கள். விளக்கமாகப் பதில் சொல்லுபவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

5. பையா, கொழுப்பா?

சிலிக்கோன் பை முதன்முதலில் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. கொழுப்பைக் கொண்டு மார்பகத்தைச் சீராக்கும் எண்ணம் அதனினும் பழையது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் செர்னி என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பகத்தில் பொருத்திய செய்தியை 1895-இல் வெளியிட்டார். இன்று வயிறு அல்லது தொடையிலிருந்து ஊசிக்குழாய் மூலம் கொழுப்பை உறிஞ்சி, சுத்திகரித்து, சிறு சிறு அளவாகச் செலுத்துகிறார்கள்.

இரண்டிலும் நன்மை தீமை உண்டு. பையினால் வேண்டிய அளவு ஒரே தடவையில் கிடைக்கும். ஆனால் அது ஆயுட்காலப் பொருள் அல்ல. பின்னாளில் மாற்றவோ எடுக்கவோ நேரலாம். சிலருக்குப் பையைச் சுற்றி உடல் உண்டாக்கும் நார் உறை இறுகிக் கல்போல் ஆகும். பை உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே பை வைத்த ஐந்தாறு ஆண்டுகளில் முதல் பரிசோதனையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒருவகைப் பைகளுக்கும் மிக அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவந்ததால், 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் அவ்வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. எந்த நிறுவனத்தின் எந்த வகைப் பை வைக்கப்பட்டது என்ற அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துவது இதனால் மிக அவசியம்.

கொழுப்பு நம் உடம்பின் சொந்தப் பொருள். அந்நியப் பொருள் இல்லை. ஆனால் செலுத்தியதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும். ஆகவே மறுமுறையும் செய்ய நேரலாம். மிகவும் மெலிந்த பெண்ணுக்கு எடுக்கப் போதிய கொழுப்பு இராது.

தோல் மிகவும் இறுகியிருந்தால், முதலில் ஒரு விரிப்புப் பையை வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, சில மாதங்களுக்குப் பின் நிரந்தரப் பையை வைப்பதும் உண்டு.

6. அபாயங்களும் பின்கவனிப்பும்

எந்த அறுவை சிகிச்சையும் பந்தயமற்ற காரியம் அல்ல. ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, காம்பின் உணர்ச்சி குறைதல், தழும்பு தடித்தல், இரு பக்கமும் முழுதும் ஒத்துப்போகாமை ஆகியவை நேரலாம். முழுமையான சமத்தை எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது. உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் தாங்கலான விசேஷ உள்ளாடை அணிய வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பாரம் தூக்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கைச் சுமப்பவர்களும், ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்களும், குடத்தில் தண்ணீர் சுமப்பவர்களும் இதை முன்கூட்டியே கணக்கிட்டு விடுப்பைத் திட்டமிட வேண்டும். "நாலு நாளில் வேலைக்குப் போகலாம்" என்று அலுவலக வேலைக்காரர்களுக்குச் சொல்லுவதை மலையேறிக் கொழுந்து எடுப்பவர் தமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், சிவப்பு, சீழ் ஆகியவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பல மணி நேரப் பயணம் என்றால், முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே உறவினர் வீட்டில் தங்குவது உத்தமம்.

7. தாய்ப்பால் பற்றி முக்கியக் குறிப்பு

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

இந்தக் குறை வெறும் வடிவத்தோடு நிற்பதில்லை. சிலருக்குப் பால்சுரப்பித் திசுவே குறைவாக இருக்கும். இவ்வாறு வளர்ச்சி குறைந்த மார்பகமுடைய 34 தாய்மாரைக் கவனித்து 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், அவர்களில் பலருக்கு முதல் மாதத்தில் குழந்தைக்கு வேண்டிய முழு அளவுப் பால் சுரக்கவில்லை என்று தெரியவந்தது. எல்லோருக்கும் அப்படி அல்ல. நன்றாகப் பாலூட்டியவர்களும் உண்டு.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பால் குறைந்தால், "ஒழுங்காகச் சாப்பிடவில்லை", "பிள்ளைக்குப் பால் கொடுக்க மனசில்லை" என்று பெற்றவளைத்தான் பேசுவோம். அவள் பூண்டும் சுறாப்புட்டும் தின்று அழுதுகொண்டிருப்பாள். குழந்தை பசியால் வாடும். ஆகவே இந்தக் குறையுள்ள பெண் கருவுற்றால், பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் எடையைத் தவறாமல் பார்க்க வேண்டும். முதல் வாரத்துக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ண வேண்டும். போதாவிட்டால் டாக்டர் சொல்லும் துணை உணவைக் கொடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கிடைக்கும் தாய்ப்பால் சிறிதாயினும் அதையும் நிறுத்த வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சையில் பால் நாளங்கள் சில அறுபடக் கூடும். பிள்ளை பெறும் எண்ணம் இருப்பதை முன்பே மருத்துவரிடம் கூறி, அதற்கேற்ற முறையைக் கேட்டறிய வேண்டும்.

8. ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் ஒரு விவாதமும்

"இதெல்லாம் பணக்காரர் விஷயம், நமக்கெதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவை மருத்துவப் பிரிவினால் நாடறிந்தது. 2018 பிப்ரவரியில் அங்கே மார்பகச் சீரமைப்புக்கென ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கு மட்டுமன்றி, அளவிலும் வடிவிலும் குறையுள்ளவர்களுக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை என்று அறிவித்தார்கள். ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது, நாம் கொடுக்காவிட்டால் அவர்கள் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ போக மாட்டார்களா என்பது அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கரின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கே பணம் போதாதபோது அரசு இதில் இறங்கலாமா என்று பொதுச் சுகாதாரத் துறையில் அனுபவமுள்ளோர் எதிர்த்துக் கேட்டார்கள். செய்தி உலகப் பத்திரிகைகள் வரை போயிற்று.

இரண்டு கேள்வியும் நியாயமானவையே. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்குத் தைப்பதை யாரும் அலங்காரம் என்பதில்லை. அந்தக் குறை முகத்தில் இருப்பதால் எல்லோருக்கும் தெரிகிறது. இந்தக் குறை துணிக்குள் இருப்பதால் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் துன்பமும் இல்லை என்று ஆகிவிடாது. இருபது வயதுப் பெண் படிப்பையும் தோழமையையும் விட்டு ஒதுங்குகிறாள் என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

9. எல்லையோரத்தார் அறிய வேண்டியவை

கோவை, மதுரை, கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறைகள் இருக்கின்றன. பாலக்காட்டுக்காரருக்குக் கோவை பக்கம். குமுளி, வண்டிப்பெரியாறு பகுதியினர் கோட்டயமும் போகலாம், தேனி வழியாக மதுரையும் போகலாம். முதலில் ஆலோசனைக்கு மட்டும் போய் வாருங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதும், பரிசோதனையின்போது தாயோ நர்ஸோ உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும் உரிமை.

காப்பீடு விஷயத்தில் எல்லைக் கோடு குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலத்தில் குடியிருப்போருக்கு உரியது. கேரள ரேஷன் அட்டை வைத்திருப்பவர் கேரளத்தின் காருண்யா திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். தனியார் காப்பீடுகள் தோற்றத்தை மாற்றும் அறுவை சிகிச்சையைப் பொதுவாக விலக்கிவைக்கின்றன. விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்றவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கே விதிவிலக்கு. ஆகவே பணம் கட்டும் முன் எழுத்து மூலம் கேட்டு விடை வாங்குங்கள்.

தனியாரிடம் செய்வதானால் நான்கு கேள்விகள் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் உண்டா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? இந்தக் குறைக்கு முன்பு சிகிச்சை செய்திருக்கிறாரா? இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டால் அதற்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? அழகு நிலையத்தோடு சேர்ந்த அறையில், மயக்க மருந்து மருத்துவர் இல்லாமல் செய்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்துப் பாதிச் செலவுக்கு மட்டும் பணம் புரட்டி ஆரம்பிப்பது, பாதிப் பாலம் கட்டிவிட்டு வண்டி விடுவதற்கு ஒப்பாகும்.

10. முடிவு யாருடையது?

வளர்ச்சி முடியும்வரை, பொதுவாகப் பதினெட்டு வயதுவரை, பொறுப்பதே நல்லது என்பது பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. அதற்கு முன்பு வேண்டியது டாக்டரின் ஒரு தடவைப் பரிசோதனையும், வீட்டாரின் ஆறுதலான வார்த்தையும்தான். அதன் பிறகு முடிவு அந்தப் பெண்ணுடையது. தாயின் முடிவு அல்ல, பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரின் முடிவும் அல்ல. "தை மாதம் கல்யாணம், அதற்குள் முடித்துவிடுவோம்" என்று முகூர்த்த நாளை வைத்து ஆபரேஷன் நாளைக் குறிப்பது கூடாது. ஆறுவதற்கும் வடிவம் நிலைபெறுவதற்கும் மாதங்கள் ஆகும். இரண்டாம் கட்டம் இருந்தால் இன்னும் கூடும்.

ஆபரேஷன் செய்துகொள்ளாமலே நிம்மதியாக வாழும் பெண்களும் ஏராளம். இந்தக் குறை உயிருக்கு ஆபத்து விளைவிப்பதல்ல. இல்லறத்துக்கும் தாய்மைக்கும் தடை அல்ல. பெயரும் காரணமும் தெரிந்தவுடனேயே, "அவ்வளவுதானா?" என்று ஆறுதல் அடைந்து அதோடு விட்டுவிடுபவர்கள் உண்டு. அதுவும் நல்ல முடிவே. செய்துகொள்ள விரும்பினால், அதை ஆடம்பரம் என்று ஏளனம் செய்யாமல் துணை நிற்பது நம் கடமை.

பாடச் சுருக்கம்

- இது அடிப்பாகத்து நார் வளையத்தின் இறுக்கத்தால் வருவது. யாருடைய குற்றமும் அல்ல.
- எண்ணெய், மாத்திரை, கருவி எதனாலும் வளையம் தளராது.
- இறுக்கத்தை விடுவித்த பின்னரே நிரப்ப வேண்டும்.
- பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, குழந்தையின் எடையைக் கவனிக்க வேண்டும்.
- வயது வந்த பெண்ணின் விருப்பமே முடிவு.

தாய்மார்கள் இந்தப் பக்கத்தை மகள்களிடம் கொடுங்கள். தந்தைமார்கள் தாமும் ஒருமுறை படித்துவிட்டு, ஒன்றும் கேளாமல் மேஜைமேல் வைத்துவிடுங்கள். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார்.

வாழ்க நலம்.